அடுப்பு தூங்கட்டும்... வயிறு சிரிக்கட்டும்!

சுட்டிகளே! அரியலூர் மாவட்டத்தில் மீன்சுருட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். பக்கத்திலேயே ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். வானத்தைத் தொடுவது போல நிற்கும் அந்தக் கோயிலைப் பார்க்கப் பள்ளிச் சுற்றுலாவில் நீங்களும் போயிருக்கலாம்.

ஊர்ப் பெயரிலேயே மீன் இருக்கிறதே, இன்றைக்கு மீன் குழம்பா என்று நாக்கைச் சப்புக்கொட்டாதீர்கள்! நாம் பார்க்கப் போவது சுத்த சைவச் சாப்பாடு. அதுவும் காசு அதிகம் செலவாகாத சாப்பாடு. சில நாள் அடுப்பே தேவையில்லை!

இந்தப் பக்கம் முந்திரித் தோப்புகள் நிறைய. வேர்க்கடலை, கம்பு, சோளம் எல்லாம் விளையும் மண். வெயிலுக்கும் குறைவில்லை. மே மாதம் அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால், மத்தியானத்தில் தெருவில் ஒரு காக்கையைக்கூடப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு. வாசலில் வேப்ப மரம், கொல்லையில் முருங்கை மரம். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் முந்திரித் தோப்பு வேலைக்குப் போனால், திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். வீட்டில் இருப்பது ஏழாம் வகுப்பு அக்கா, மூன்றாம் வகுப்பு தம்பி, முழங்கால் வலியோடு ஓர் ஆயா.

பள்ளிக்கூடம் இருக்கும் வரை மத்தியானம் கவலை இல்லை. மணி அடித்தால் சத்துணவு. 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்த திட்டம் அது. அதற்கு முன்பே, 1956ஆம் ஆண்டு, காமராஜர் ஆட்சியில் பள்ளியில் மதிய உணவு தொடங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆனால் கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். சத்துணவுக் கூடமும் பூட்டியிருக்கும். பசிக்கு மட்டும் விடுமுறை கிடையாதே!

விடுமுறையின் முதல் திங்கட்கிழமை. மணி பத்தரை.

"அக்கா, பசிக்குதுக்கா" என்றான் தம்பி.

"வீட்ல ஒண்ணுமே இல்லடா" என்றாள் அக்கா.

திண்ணையில் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணும் இல்லன்னு சொல்லாத பாப்பா. என்ன இருக்குன்னு மொதல்ல எண்ணிப் பாரு!"

எண்ணினார்கள். ரேஷன் அரிசி. டப்பாவில் பாதி பொட்டுக்கடலை. ஒரு பை வேர்க்கடலை. புளி, உப்பு, காய்ந்த மிளகாய். கூடையில் சின்ன வெங்காயம். ஒரு சொம்பு மோர். காற்றில் விழுந்த இரண்டு மாங்காய். கொல்லையில் முருங்கைக்கீரை.

"இதுதான் ஒண்ணுமில்லையா?" என்று சிரித்தார் ஆயா.

ஆயாவின் நாலு கேள்வி

சாப்பாடு செய்யும் முன் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றார் ஆயா. அக்கா அதைச் சிலேட்டில் எழுதி, சுவரில் மாட்டிவிட்டாள். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. வயிறு நிரப்ப என்ன இருக்கிறது? (சோறு, அவல், கம்பு, கேழ்வரகு)

2. உடம்பு வளர என்ன இருக்கிறது? (பருப்பு, பயறு, கடலை, மோர்)

3. பச்சையாக என்ன இருக்கிறது? (கீரை, காய், வெள்ளரி)

4. நாக்குக்குப் புளிப்பாக என்ன இருக்கிறது? (மாங்காய், புளி, எலுமிச்சை)

நாலுக்கும் விடை கிடைத்துவிட்டால் அதுதான் முழுச் சாப்பாடு. பெயர் வைத்த பலகாரமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று இல்லாவிட்டால் அதே வரிசையில் உள்ள இன்னொன்றைப் போடலாம். பருப்பு இல்லையா? கடலை போடு. எலுமிச்சை இல்லையா? மாங்காய் போடு. அவ்வளவுதான்!

இரண்டாவது கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள். வெறும் சோறும் ஊறுகாயும் வயிற்றை நிரப்பும். ஆனால் நீங்கள் வளர்வதற்குப் புரதம் வேண்டும். சத்துணவில் முட்டை தருவதும் அதற்காகத்தான். சைவச் சாப்பாட்டில் அந்த வேலையைப் பயறும் கடலையும் செய்கின்றன. வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம்!

திங்கள்: பானைக்குள் ஒரு பள்ளிக்கூடம்

இரவு மிஞ்சிய சோற்றில் அம்மா தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்திருந்தார். பழைய சோறு!

"ஐய... பழசா?" என்று முகம் சுளித்தான் தம்பி. பள்ளியில் யாரோ கேலி செய்தார்களாம். கேலி செய்தவர்களுக்குச் சட்டிக்குள் நடப்பது தெரியாது. தண்ணீரில் ஊறும் சோற்றில், கண்ணுக்குத் தெரியாத லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவு முழுக்க வேலை செய்கின்றன. பாலைத் தயிராக்குகிற அதே கூட்டம்தான். அவை உண்டாக்கும் அமிலம்தான் அந்த இதமான புளிப்பு.

மண்சட்டிக்கும் ஒரு ரகசியம் உண்டு. அதன் உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது சட்டியின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே குளுகுளு! மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டி!

அக்கா சோற்றைப் பிழிந்து, மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தாள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். இன்னும் ஒன்று குறைகிறதே... இரண்டாவது கேள்வி! பொட்டுக்கடலை, ஒரு மிளகாய், துளி புளி, உப்பு. அம்மியில் வைத்து நறநறவென்று அரைத்தாள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது. அதனால் அடுப்பு பற்றவைக்காமலே துவையல் தயார். மாங்காயில் ஒரு கீற்று. மூன்றாவது கேள்விக்கு வெங்காயமே விடை, புளிப்புக்கு மாங்காய்.

வியர்வையில் நம் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. உப்புப் போட்ட மோர் இரண்டையும் திருப்பித் தருகிறது. இப்போது சொல்லுங்கள், பழைய சோறு கேலிக்குரியதா?

தம்பி இரண்டாவது கிண்ணம் கேட்டான்!

செவ்வாய்: ஊறினாலே போதும்

இன்று பழைய சோறு மிஞ்சவில்லை. வேறு என்ன? டப்பாவின் அடியில் அவல்!

அவல் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? நெல்லை ஊறவைத்து, சூடாக வறுத்து, அந்தச் சூட்டோடு இடித்துத் தட்டையாக்குவார்கள். உமி நீங்கி, அரிசி தட்டையாகிவிடும். அதாவது பாதிச் சமையல் முன்பே முடிந்துவிட்டது. அதனால் நனைத்தாலே மெத்தென்று ஆகிவிடுகிறது.

கெட்டி அவலைக் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தாள் அக்கா. மெல்லிய அவலாக இருந்தால் கழுவி வடித்தாலே போதும். அதிகம் ஊறினால் கூழாகிவிடும். துருவிய மாங்காய், நறுக்கிய வெங்காயம், தேங்காய்த் துருவல் கொஞ்சம், வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, உப்பு. கையால் பிசைந்தால் மாங்காய் அவல் தயார்!

மாங்காய் இல்லாத நாளில் எலுமிச்சைச் சாறு விடலாம். காரம் வேண்டாம் என்கிற குட்டிப் பாப்பாவுக்கு வெல்லமும் தேங்காயும் போட்டு இனிப்பு அவல். ஒரே அவல், மூன்று சாப்பாடு!

"கடைக்குப் போய்ச் சிப்ஸ் வாங்கலாம்னு நெனச்சேன்க்கா" என்றான் தம்பி. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். முக்கால்வாசி காற்று! அந்தக் காசுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை வாங்கிக் கொறித்தால் பசி அடங்கும்.

புதன்: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூழ்

செவ்வாய் இரவே ஆயா ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு அம்மா இடித்துக் கொடுக்க, உமியைப் புடைத்து எடுத்து, நொய்யைப் புளித்த நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கிண்டி வைத்துவிட்டார். ஆறியதும் உருண்டை பிடித்து நீரில் போட்டாயிற்று. மறுநாள் பிள்ளைகளுக்கு வேலை சுலபம். உருண்டையை எடுத்து, மோர் ஊற்றி, உப்பிட்டுக் கரைக்க வேண்டியதுதான்.

கம்பு நம்ம ஊர்த் தானியம் என்று நினைக்கிறோம். அதன் பிறந்த வீடு ஆப்பிரிக்கா! பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. மழை குறைந்தாலும் வாடாமல் வளரும். கேழ்வரகும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இப்படிப்பட்ட தானியங்களின் அருமையை உலகுக்குச் சொல்ல, 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது.

தீட்டிய வெள்ளை அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து பல மடங்கு அதிகம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்தான்! எலும்புக்கு எது பலம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கூழுக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய்க் கீற்று. சும்மா ருசிக்கு மட்டும் அல்ல. மாங்காயில் உள்ள வைட்டமின் சி, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. புத்தகம் படிக்காமலே நம் பாட்டிமார் சரியான ஜோடியைச் சேர்த்துவிட்டார்கள் பாருங்கள்!

ராஜேந்திர சோழன் பார்க்காத மிளகாய்!

கூழோடு மோர்மிளகாய் கடிக்கும்போது தம்பிக்கு ஒரு சந்தேகம். "ராஜாவும் இதைத்தான் தின்னிருப்பாராக்கா?"

ராஜேந்திர சோழன் ஆண்டது கி.பி. 1014 முதல் 1044 வரை. கம்பங்கூழ் அன்றும் இருந்திருக்கும். ஆனால் மிளகாய் இல்லை! மிளகாய், வேர்க்கடலை, முந்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. 1492இல் கொலம்பஸ் கடல் தாண்டிய பிறகுதான் அவை உலகைச் சுற்றத் தொடங்கின. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியர்கள் பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கங்கை வரை படை அனுப்பிய அரசன், ஒரு மிளகாயைக்கூடக் கடித்ததில்லை. அவன் அரண்மனையில் காரம் என்றால் மிளகுதான்! அவன் தலைநகர் இருந்த மண்ணில் இன்று முந்திரி காய்க்கிறது. அவனுக்குக் கிடைக்காத சாப்பாடு உங்களுக்குக் கிடைக்கிறது!

வியாழன்: இன்னும் ஒரு தட்டு

இன்று அம்மா போகும்போது சோறு வடித்து வைத்துவிட்டார். குழம்பு வைக்க நேரமில்லை.

அக்கா சிலேட்டைப் பார்த்தாள். சோறு இருக்கிறது. புளியை ஊறவைத்துக் கரைத்தாள். அதில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் நசுக்கிப் போட்டு, கையாலேயே நன்றாகப் பிசைந்தாள். உப்பு, துளி வெல்லம், கிள்ளிப் போட்ட கொத்தமல்லித் தழை. இதற்குப் பெயர் பச்சைப்புளி ரசம். கொதிக்க வைக்க வேண்டியதே இல்லை!

அடுத்து இரண்டாவது, மூன்றாவது கேள்விகள். ஒரு கிண்ணம் பாசிப்பருப்பைக் கழுவி, குடிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்திருந்தாள். அதை வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தாள். கோசுமல்லி! ராமநவமி அன்று பானகம், நீர்மோரோடு சில வீடுகளில் தருவார்களே, அதேதான். வெயில் காலத்துத் திருவிழாவுக்கு வெயில் காலத்துச் சாப்பாடு!

சாப்பிட உட்காரும்போது வாசலில் ஒரு நிழல். எதிர்வீட்டுச் சிறுவன். அவன் அம்மாவும் தோப்புக்குப் போயிருக்கிறார்.

"சாப்டியாடா?" என்று கேட்டாள் அக்கா.

"பசிக்கல" என்றான் அவன். கண் மட்டும் தட்டைப் பார்த்தது.

பள்ளியில் மத்தியானம் அவனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அக்கா ஆயாவைப் பார்த்தாள். ஆயா பேசாமல் இன்னொரு தட்டை நகர்த்தி வைத்தார். புளி ரசத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தன. சோறு மூன்று பங்கு நாலு பங்கானது. கோசுமல்லி ஆளுக்கு ஒரு கரண்டி குறைந்தது. யாருக்கும் பசி மிஞ்சவில்லை!

அதே சாலையில் ஓர் அணையா அடுப்பு

மீன்சுருட்டியிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் சேத்தியாத்தோப்பைத் தாண்டினால் வடலூர் வரும். அங்கே 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி, இதே போன்ற ஒரு கோடைக்காலத்தில், வள்ளலார் என்று நாம் அழைக்கும் ராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அது பஞ்சமும் பசியும் மக்களை வாட்டிய காலம். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு நிலம் கொடுத்தார்கள்.

அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை! 150 ஆண்டுகளுக்கும் மேலாக, பசி என்று வருகிறவர்களுக்கு அங்கே சைவ உணவு வழங்குகிறார்கள். சாதி, மதம், ஊர், பேர் எதையும் கேட்பதில்லை. விருந்து இல்லை; சோறும் குழம்புமான எளிய சாப்பாடுதான். ஊர் மக்களும் அன்பர்களும் கொடுக்கும் அரிசி, பருப்பு, காய்கறிகள் அந்த அடுப்பைத் தேடி வருகின்றன.

எதிர்வீட்டுச் சிறுவனுக்கு ஆயா நகர்த்தி வைத்த தட்டு இருக்கிறதே, அதுவும் அந்த அடுப்பின் ஒரு பொறிதான்.

வெள்ளி: தூக்கி எறிவதற்கு முன்

பண்ருட்டி பலாப்பழம் வரும் மாதம் இது. முந்தின நாள் அப்பா வாங்கி வந்த கால் துண்டுப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை எறியப் போனான் தம்பி. "இருடா! அதுதான் இன்னிக்குச் சாப்பாடு" என்றார் ஆயா.

இன்று அடுப்பு உண்டு. அதனால் ஆயா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். பலாக்கொட்டையை வேகவைத்து, மேல் தோலை உரித்தால் கிழங்கு போல மாவாக இருக்கும். அதில் கொஞ்சம் உப்பு, மிளகாய்த் தூள் போட்டுப் பிரட்டினால் பொரியல்.

கொல்லையிலிருந்து தம்பி பறித்து வந்த முருங்கைக்கீரையை மூவரும் உட்கார்ந்து உருவினார்கள். கழுவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து வதக்கி, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவினார்கள். சூடான சோற்றில் பிசைந்தபோது வாசனை தெருவரை போனது! கடைசியில் சோற்றுக்கு எலுமிச்சை பிழிந்து நாலாவது கேள்வியையும் முடித்தார்கள். எதிர்வீட்டுச் சிறுவன் இன்று கூப்பிடாமலே வந்தான். கையில் அவன் வீட்டு வெள்ளரிக்காய் ஒன்று!

நாம் எறியும் இன்னும் சில சாப்பாடுகள்:

தர்பூசணித் தோலின் உள்பக்கம் உள்ள வெள்ளைப் பகுதி: பச்சைத் தோலைச் சீவிவிட்டு, சுரைக்காய் போலக் கூட்டு வைக்கலாம்.

பீர்க்கங்காய்த் தோல்: வதக்கி, மிளகாய், புளி, உப்போடு அரைத்தால் துவையல்.

சோறு வடித்த கஞ்சி: உப்பும் மோரும் சேர்த்துக் குடிக்கலாம். இதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நாளை பாருங்கள்!

சனி: மரத்தடியில் விருந்து

முந்திரிக்கொட்டையை எல்லோரும் விரும்புகிறார்கள். அதைத் தாங்கி நிற்கும் பழத்தை? சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க அழகாக இருக்கும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. ஆனால் பறித்த ஒரு நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும். அதனால் நகரத்துக் கடைகளுக்கு வருவதே இல்லை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுவார்கள்.

அப்பா அம்மாவிடம் சொல்லி வைத்து, நல்ல பழங்களாக ஒரு கூடை வாங்கிவிட்டாள் அக்கா. கொட்டையை அம்மாவே நீக்கித் தந்திருந்தார். கடித்தால் இனிக்கும், கூடவே தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். பழத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணம்.

அதை விரட்டும் வித்தை ஆயாவுக்குத் தெரியும். பழத்தைப் பிழிந்து சாறெடுத்து, ஆறிய கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் சாறு திரிந்தது போல் ஆனது. துவர்ப்புப் பொருள் கஞ்சியோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிந்தது. மேலே தெளிந்ததை மட்டும் வடித்தார்கள். வெல்லமும் எலுமிச்சையும் சேர்த்ததும் அருமையான பானகம்! (சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்!)

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வெயிலில் கறுத்து, கால் தேய வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். அம்மா வழக்கம்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போக எழுந்தார்.

"உக்காரும்மா" என்றாள் அக்கா.

முதலில் இரண்டு டம்ளர் முந்திரிப் பழப் பானகம். பிறகு மாங்காய் அவல், கோசுமல்லி, கடலைத் துவையல். அடுப்பு பற்றவே இல்லை.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். "யாரு செஞ்சது?"

"அக்காதாம்மா! நான் கீரை உருவினேன்" என்றான் தம்பி. கீரை முந்தின நாள் செய்தது என்று யாரும் அவனைத் திருத்தவில்லை!

வெயிலும் ஒரு அடுப்புதான்!

கோடை வெயிலைத் திட்டாதீர்கள். காசில்லாமல் கிடைக்கும் அடுப்பு அது. இந்த மாதங்களில்தான் மொட்டை மாடியிலும் வாசலிலும் கூழ் வடாம் காய்கிறது. மோரில் ஊறிய மிளகாய் மோர்மிளகாய் ஆகிறது. கத்தரிக்காய், கொத்தவரங்காய், மாங்காய் எல்லாம் வற்றலாகின்றன. சின்ன வெங்காயம் விலை மலிந்திருக்கும்போது, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகத்தோடு இடித்து உருட்டி, தாளிக்கும் வடகம் செய்து வைக்கிறார்கள்.

ஏன் காய்ந்தால் கெடுவதில்லை? கெட வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வளர ஈரம் வேண்டும். ஈரத்தை வெயில் குடித்துவிட்டால் அவற்றுக்கு வேலை இல்லை. மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது, இந்த வற்றல்தான் குழம்பாகும். இந்த விடுமுறையில் வடாத்துக்குக் காக்கை விரட்டும் உத்தியோகம் உங்களுக்கு!

பத்திரம்... பத்திரம்!

* கத்தி, அருவாமணை, அடுப்பு மூன்றும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுவுவது, உருவுவது, பிசைவது!

* மிஞ்சிய சோற்றை வெயில் காலத்தில் அப்படியே மணிக்கணக்கில் திறந்து வைக்காதீர்கள். ஆறியதும் நல்ல குடிநீர் ஊற்றி மூடுங்கள். மறுநாள் உச்சிவெயிலுக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள்.

* நாற்றம் அடித்தால், நூல் நூலாக வந்தால், மேலே பூஞ்சை தெரிந்தால் சாப்பிடவே கூடாது. மிச்சப்படுத்துவது நல்லது, கெட்டுப்போனதைத் தின்பது மிச்சம் அல்ல!

* பச்சையாகச் சாப்பிடும் காய், பருப்பு, அவல் எல்லாவற்றையும் குடிக்கும் தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* புளி, மோர், மாங்காய் கலந்ததை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். மண், எவர்சில்வர், கண்ணாடி நல்லது.

* முந்திரிக்கொட்டையை உடைக்கவோ, கடிக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. அதன் ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

* வேர்க்கடலை சாப்பிட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். புதிதாக வரும் நண்பனிடம் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நீங்களும் செய்யலாம்!

உங்கள் ஊர் மீன்சுருட்டியாக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் முருங்கை மரம் இருக்காது. ஆனால் அலமாரியில் பொட்டுக்கடலை இருக்கும். கோவையில் கம்பு இல்லாத வீட்டில் கேழ்வரகு இருக்கும்.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போங்கள். என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் ஆயாவின் நாலு கேள்வியையும் எழுதுங்கள். கடைக்குப் போகாமல், இருப்பதை வைத்தே ஒரு வேளைச் சாப்பாடு யோசியுங்கள். அம்மா அப்பாவிடம் காட்டி, சரி என்றால் செய்து பாருங்கள். முதல் நாள் உப்புக் கூடலாம், அவல் குழையலாம். பரவாயில்லை. மறுநாள் சரியாக வரும்!

தட்டு போடும்போது வாசலை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். யாராவது "பசிக்கல" என்று சொல்லிக்கொண்டு நின்றால், இன்னும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள்!